இன்னும் பதின்மூன்று வாரம்

புதுச்சேரி
9-9-1987

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. உங்கள் கடிதம் போன வெள்ளியன்று வந்தது. டி.வி. தொடரை இன்னும் பதின்மூன்று வாரம் நீட்டியிருக்கிறார்கள் என்று படித்ததும் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். மில் கதவடைப்பின்போது வாசலில் மைக் இல்லாமல் பாடியவர் நீங்கள். இங்கே கதிர்காமத்துக் கல்யாணங்களில் சாப்பாட்டுக்காகப் பாடியதும் எனக்குத் தெரியும். இன்று கேசட் கடைகளில் உங்கள் முகம் தொங்குகிறது. கீழே மதுசூதன் என்று போட்டிருப்பதால், உங்களைக் கொளஞ்சியாகத் தெரிந்தவர்கள் இரண்டு முறை பார்க்கிறார்கள்.

நேற்று ஜெயம் அக்கா வீட்டில் தொடர் பார்த்தோம். அந்தப் பெண்ணிடம் காதலைச் சொல்ல வந்து, சொல்லாமல் பாடினீர்களே, தெருவே மூக்கை உறிஞ்சியது. "இன்னாடி வேம்பு, வயிறு எரியுதா?" என்று அக்கா என்னை இடித்தார். எரியவில்லை. என்னிடம் நீங்கள் அப்படித் தயங்கியதே இல்லையே என்றுதான் நினைத்துக்கொண்டேன். முறைப்பெண்ணிடம் என்ன தயக்கம்.

பத்திரிகைப் பேட்டியில் "இன்னும் மணமாகவில்லை" என்று வந்தபோது, காதல் பாட்டுக்காரனுக்கு அப்படித்தான் வேண்டுமாம், தொடர் முடியும்வரை பொறுத்துக்கொள் என்று கேட்டீர்கள். சரி என்றேன். தெருவும் நமக்காக வாயை மூடிக்கொண்டது.

ஆனால் அந்தப் பேட்டியைப் படித்துவிட்டு, போன ஞாயிறு டூமாஸ் வீதியிலிருந்து ஆதிலட்சுமி அம்மாள் ஆப்பிளும் பூவும் தன் பெண்ணின் போட்டோவுமாக வந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். காப்பி கொண்டுபோன என்னைப் பார்த்து, இது யார் என்று கேட்டார். அத்தை தடுமாறி, "எங்க அண்ணன் பொண்ணு" என்றார்கள். பொய் இல்லையே. "வூட்டுக்காரரு எங்கம்மா?" என்று கேட்டதற்கு, மெட்ராசில் வேலை என்றேன். அதுவும் பொய் இல்லை. பையனைக் கேட்டுச் சொல்வதாக அத்தை அனுப்பிவைத்தார்கள்.

அவர் போன பிறகு அத்தையிடம், எனக்கு நான்காம் மாதம், இன்னும் பதின்மூன்று வாரத்தில் வயிறு பேசுமே என்றேன். "அண்ணன் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கான்னா யாரு இன்னா கேக்கப் போறாங்க?" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உங்களுக்காகத்தான் சொன்னார்கள். எல்லாம் இவ்வளவு சுலபமாகப் பொருந்திவிடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிறக்கும் குழந்தைக்கு உங்களை யார் என்று காட்டுவது? மாமா என்றா?

அந்தப் பெண்ணின் போட்டோ இன்னும் நம் அலமாரியில் இருக்கிறது. பின்பக்கத்தில் உங்கள் பாட்டின் ஒரு வரியைக் குண்டு குண்டாக எழுதியிருக்கிறாள். அவளையும் காக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு, இருபதாம் தேதி, பதில் கேட்க வருகிறார்கள். படப்பிடிப்பை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு வாருங்கள். நீங்களே அவர்களிடம் சொன்னால் கௌரவமாக இருக்கும். வர முடியாவிட்டால் நான் சொல்லிவிடுவேன், அத்தை தடுத்தாலும். அதனால் ரசிகைகள் குறைந்தால் என்மேல் கோபப்படுங்கள். உங்கள் குரலுக்கு ஒன்றும் ஆகாது, அதை முதலில் கேட்டவள் நான்.

ஐஸ் தண்ணீர் குடிக்காமல் தொண்டையைக் காத்துக்கொள்ளச் சொல்லி, வரும் வழியை எதிர்பார்த்திருக்கும்

உங்கள் மனைவி,
வேம்பு