முதலில் தூக்கிய கை

சிதம்பரம்,
26 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாலதிக்கு,

நீயும் அம்மாவும் கோயம்புத்தூருக்குப் பழகியிருப்பீர்கள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் நாட்களில் காலுறை போடச் சொல். இங்கே மழை பிடித்துக்கொண்டது. கீரப்பாளையம் போகும் வழியில் வயலும் ரோடும் ஒரே மட்டமாகத் தெரிகிறது.

ஆகஸ்டில் நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நான் அழிக்கவில்லை. "நம்ம கிளாஸ மூடறதுக்கு நீங்கதான் மொதல்ல கை தூக்குனீங்களாம். டீ குடுக்க வந்த பவானி பாத்துட்டு வந்து சொன்னா. ரொம்ப சந்தோஷம் டீச்சர்." நான்கு முறை பதில் அனுப்பினேன். நீ பார்த்ததற்கு நீலக் கோடு விழுந்தது. வேறெதுவும் வரவில்லை. போன் பேச்சு எனக்குப் புரியாது என்பது உனக்குத் தெரியும். அதனால் தபாலில் எழுதுகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

பவானி சொன்னது பொய்யில்லை. முதலில் தூக்கியது என் கைதான். ஆனால் மாலதி, அன்று என்ன முடிவானது என்பதே உன் செய்தியைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

என் காது எப்படிக் கேட்கிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். சிலேட்டில் எழுதியதை ஈரக் கையால் பாதி துடைத்துவிட்டு, வாசி என்று ஒரு பிள்ளையிடம் நீட்டினால் எப்படி இருக்கும்? சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை. எதிரில் உட்கார்ந்து ஒருவர் நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்து, துடைத்ததையும் சேர்த்து வாசித்துவிடுவேன். கூட்டத்தில் முடியாது. காதில் மெஷின் வைத்துக்கொண்டால் ஃபேன் சத்தமும் டம்ளர் சத்தமும்தான் முதலில் வருகிறது.

நம் அறக்கட்டளைக்குக் கார்த்திகேசன் தலைவரான பிறகு, எல்லாரும் சமம், எல்லாரும் பேச வேண்டும் என்று நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் வட்டத்தில் யார் பேசுகிறார் என்று நான் தேடித் திரும்புவதற்குள் அவர் முடித்துவிடுவார், அடுத்தவர் ஆரம்பித்திருப்பார். எல்லாரும் பேசிய அந்தக் கூட்டங்களில் நான் கழுத்து வலியோடு வீடு திரும்பினேன்.

மார்ச் மாதம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பேசுகிறவர் முதலில் கை காட்டட்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுக்கட்டும், மைக்கை வாய்க்கு முன்னால் பிடிக்க வேண்டாம், தீர்மானத்தைப் பலகையில் எழுதிவிட்டு வாக்குக் கேளுங்கள். பைசா செலவில்லாத காரியம். அதைப் படித்துவிட்டுக் கை தட்டினார்கள். ஏப்ரல் கூட்டத்தில் பத்து நிமிடம் கடைப்பிடித்தார்கள். மே மாதம் நினைவூட்டினேன். யாரோ ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். என்ன என்று பக்கத்தில் இருந்த விருத்தாம்பாளைக் கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, அப்பறம் சொல்றேன்" என்றாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

காது கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதை நான்காவது முறை சொல்லத்தான் வெட்கம். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, மற்றவர் நோட்டைப் புரட்டும்போது தானும் புரட்டுமே, அப்படி ஆனேன். அவர்கள் சிரித்தால் சிரித்தேன், கை தூக்கினால் தூக்கினேன். இது என் தப்பு. இதை யார் மேலும் போட மாட்டேன்.

ஆகஸ்ட் கூட்டத்தில் கார்த்திகேசன் தாளைப் பார்த்தபடி வெகு நேரம் பேசினார். மைக் அவர் வாயை மறைத்திருந்தது. என்ன விஷயம் என்று விருத்தாம்பாளைக் கேட்டேன். "ஆண்டு விழா தேதிக்கா" என்றாள். அது ஏற்கெனவே பேசி முடித்த விஷயம் என்று எனக்கு எப்படித் தெரியும்? சற்று நேரத்தில் கார்த்திகேசன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல காரியத்துக்கு முதலில் என்னைக் கேட்பது வழக்கம்தானே. நானும் சிரித்தபடி கை தூக்கினேன். ஒரு கணம் யாரும் அசையவில்லை. எனக்குத் தரும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன், மாலதி. பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. கீரப்பாளையம் மாலை வகுப்பை மூடிவிட்டு, கடலூர் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தோடு இணைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம். எழுத்துக் கூட்டத் தெரியாத எட்டு வயதுப் பிள்ளைகள் கடலூருக்குப் பஸ் ஏறிப் போய் எதை எழுதுவது?

உன் செய்தி வந்த மறுநாள் விருத்தாம்பாள் வீட்டுக்குப் போனேன். "நீங்களே கை தூக்கனப்பறம் நான் எப்பிடிக்கா வேணாம்ங்கறது? நீங்க எதுப்பீங்கன்னுதான எல்லாரும் பாத்துக்கினு இருந்தோம்" என்று சொன்னாள். அமைதியான வீட்டில் முகத்துக்கு நேரே சொன்னதால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

கார்த்திகேசனிடமும் போனேன். "கேக்கலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். மார்ச் மாதத் தாளை நினைவூட்டினேன். "அது சரிதான், ஆனா நீங்க சிரிச்சீங்களே" என்றார். அடுத்த கூட்டத்துக்கு எனக்காகவே ஆள் உயரத்தில் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்துவிட்டார்கள். கலங்கிய தண்ணீரைக் குடத்திலிருந்து அண்டாவுக்கு மாற்றினால் தெளிந்துவிடுமா? என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படமும் எடுத்தார்கள்.

வகுப்பு அறைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். பலகையில் உன் கையெழுத்தில் தேதி அப்படியே இருக்கிறது. கயல்விழி வழியில் பார்த்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டாள். குனிந்து உதட்டைப் பார்த்தேன். "மாலதி மிஸ் எப்ப வருவாங்க?" என்கிறாள். அது மட்டும் எனக்கு ஒரே தடவையில் புரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டுமானால், ஆதரவாகக் கை தூக்கிய ஒருவரே எழுதிக் கேட்க வேண்டும் என்பது நம் விதி. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். நவம்பர் 9, காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. பேச வேண்டியதைத் தயார் செய்துவிட்டேன், அது கஷ்டமில்லை. பேசி முடித்ததும் கேள்வி கேட்பார்கள், நாலு பக்கமிருந்தும் கேட்பார்கள். நான் வேறெதற்கோ பதில் சொல்வேன். அவர்கள் பாவம் என்று பார்ப்பார்கள். அதோடு வகுப்பு முடிந்துவிடும்.

பேச்சை எழுத்தாக்கும் செயலி ஒன்றைப் பெங்களூரில் இருக்கும் என் மகன் போட்டுக் கொடுத்தான். மூன்று பேர் சேர்ந்து பேசினால் அதுவும் என்னைப் போலவே விழிக்கிறது. விருத்தாம்பாள் எனக்கு எது தேவை என்று தானே முடிவு செய்துகொண்டு, அதை மட்டும் சொல்வாள். நீ அப்படிச் செய்ததில்லை. பெற்றோர் கூட்டங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் காட்டுவாய். தங்கராசு தும்மியதைக்கூட எழுதினாய். ஒருமுறை, "உங்களைத்தான் திட்டுறாங்க டீச்சர், கோபமா முகத்த வச்சிக்குங்க" என்று எழுதினாய்.

என்னை நம்பு என்று கேட்கவில்லை. நம்பாமலே வா. ஒரு காலைப் பொழுது போதும். அவர்கள் கேட்பதை அப்படியே எழுது. எனக்கு வலிக்கும் என்று ஒரு சொல்லையும் குறைக்காதே. முடிந்ததும் என்னோடு பேசாமல் எழுந்து போனாலும் சரி.

வர முடியாமல் போனாலும் நீயும் அம்மாவும் நன்றாக இருக்க வேண்டும். போகும் இடமெல்லாம் உன்னைச் சுற்றிப் பிள்ளைகள் இருக்கட்டும்.

என் இடது காதில்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அன்று என் இடப்பக்க நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். என் முறை வரும்வரை யார் கேட்டாலும் அந்தப் பையை எடுக்க மாட்டேன்.

உன் நலம் நாடும்,
லோகநாயகி.