எந்த மணி மேலே, எந்த மணி கீழே

என் ஆசை அக்காவுக்கு,

நேற்று உன்னைச் சுவரில் மாட்டினோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடையில் நாளெல்லாம் நின்று புடவை விரித்துக் காட்டியதில் கால் இன்னும் கடுக்கிறது. முன்பென்றால் செவிலிமேடு பஸ் ஏறுவதற்குள் உன் வீட்டில் ஒரு வாய் காபி குடித்து, புலம்பித் தீர்த்துவிட்டுப் போவேன். இப்போது எங்கே போய்ப் புலம்புவது?

உனக்கு வருஷம் திரும்பப் போகிறது. தெவசத்துக்குள் படம் வந்துவிட வேண்டும் என்று உன் நாத்தனார் மல்லிகா, ஏதோ கல்யாணத்தில் கும்பலாக எடுத்த போட்டோவை ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறாள். ஸ்டூடியோக்காரன் உன் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கழுத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் ஒரு அரக்குப் பட்டுப் புடவையையும் ஒரே ஒரு தங்க ஆரத்தையும் ஒட்டிக் கொடுத்துவிட்டான். அக்கா, அது நீ இல்லை. உன் மூக்கை வைத்துக்கொண்டு வேறு யாரோ உட்கார்ந்திருந்தாள்.

உன் கழுத்தில் என்னதான் இருக்காது! சன்னதித் தெருவில் வாங்கிய முத்து. வளையல் கடை பாயிடம் வம்படித்து வாங்கிய கருப்புப் பாசி. பவழம் என்று நீ சாதித்த சிவப்புக் கண்ணாடி மணி. அறுந்த கொலுசை நீயே நூல் போட்டு இணைத்த வெள்ளிச் சரம். எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் நீ நடந்தால், கடைத்தெருவே நடந்து வருகிறது என்று கேலி பேசுவார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

எங்கள் கடையில் ஒரு செயினுக்கு மேல் போடக் கூடாது. வருகிறவர்கள் புடவையைத்தான் பார்க்க வேண்டும், எங்களை இல்லை. அதை உன்னிடம் சொன்ன அன்று நீ சொன்னாயே, நினைவிருக்கிறதா? "ஒண்ணு போட்டா அது நகைமா. அடுக்கிப் போட்டாத்தான் அது நானு."

அந்த 'நானு'வைத்தான் அவன் துடைத்துப் போட்டிருந்தான். போய்க் கேட்டேன். கழுத்தில் ஒரே கசகசவென்று இருந்ததாம், நீட்டாக்கிக் கொடுத்தானாம். பழையபடி மாற்றவும் வழியில்லை. அந்த போட்டோவில் யாரோ ஒருத்தியின் தோள் உன் பாதி மார்பை மறைத்திருக்கிறது. மற்ற படமெல்லாம் உன் போனில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்த அலைச்சலில் அது எங்கே போனதோ.

மல்லிகாவோ, லட்சணமாகத்தானே இருக்கிறது, பாசியும் மணியுமாக மாட்டினால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். அவளும் கெட்டவள் இல்லை. செத்த பிறகாவது உன்னைத் தங்கத்தோடு பார்க்க ஆசைப்பட்டிருப்பாள். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை அக்கா. ஆனால் பயமாக இருந்தது. தினமும் இதையே பார்த்துப் பார்த்து, நீ இப்படித்தான் இருந்தாய் என்று நாங்களே நம்பிவிடுவோம் இல்லையா?

மாமா தறியை விட்டு எழுந்து வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "இது யாரு பொடவைமா?" என்றார். இப்படி ஒரு கரையை இந்த ஊரில் எவரும் நெய்வதில்லையாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

நேராக உள்ளே போய் உன் மணி டப்பாவை எடுத்து வந்தேன். பூமாலைக்குப் பதில் உன் சரங்களையே படத்தின் கழுத்தில் விழுகிற மாதிரி சட்டத்தில் நூலால் கட்ட ஆரம்பித்தேன். முதலில் முத்தை எடுத்தேன்.

"முத்து கீழமா," என்றார் மாமா. "பவழந்தான் கழுத்த ஒட்டி இருக்கும். அப்பால பாசி. அப்பால முத்து. கொலுசுச் சரம் கடைசி."

வாழ்ந்த காலமெல்லாம் "இது என்னாடி வேஷம்" என்று உன்னைக் கடிந்துகொண்ட மனுஷர்! எப்படித் தெரியும் என்று கேட்டேன். புடவையோடு கரையைக் கோத்து நெய்ய அவர் பக்கத்தில் தறியில் உட்காரும்போது, ஜரிகையில் மாட்டாமலிருக்க எல்லாவற்றையும் ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வாயாம். எழுந்ததும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்குவாயாம். "பாத்துக்கினுதான இருந்தேன்," என்றார்.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். மிச்ச ஜரிகையில் திரித்த மெல்லிய கயிறு, கறுத்துப் போயிருந்தது. கல்யாணமான புதிதில் அவர் கையால் திரித்துப் போட்டதாம். உன் கூடவே வளர்ந்த எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏன்க்கா, என்னிடம்கூடச் சொல்லத் தோன்றவில்லையா?

"இத்த மட்டும் அவ வெளிய எடுக்க மாட்டா," என்றார். "படத்துக்குப் பின்னால போடுமா."

பின்னால், சுவரை ஒட்டிப் போட்டேன். மல்லிகாவே வந்து ஊதுபத்தி ஏற்றினாள். அந்தத் தங்க ஆரம் இப்போது கண்ணுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து உன் மணிகளைத் துடைத்து வைக்கிறேன் அக்கா. கால் எவ்வளவு கடுத்தாலும் வருவேன். வரிசை மாறாது. பின்னால் இருப்பதை மட்டும் நான் தொட மாட்டேன். அதை மாமாவே துடைக்கட்டும்.

உன் முதுகைப் பிடித்து நடை பழகிய தங்கச்சி,
வசந்தி