இஸ்திரி மெஷினுக்கு மேலே ஒரு வரி

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

நேற்று சாயங்காலம் பிரார்த்தனை முடிந்தபின் இருந்தவர்கள்: உன் அப்பா, அண்ணன், அண்ணி, மாடிவீட்டு டீச்சர். டீச்சரின் பூனையும் வந்தது. பாதியில் எழுந்து போய்விட்டதால் சேர்க்கவில்லை. இவர்கள் முன்னிலையில்தான் உனக்காக எழுதிய பாட்டை வாசித்தேன்.

விடியும் முன்னே கண்விழி, வேலைக்கு முன்னே கைதொழு.
பசித்த பின்னே சாப்பிடு, பக்கத்தில் இருப்பவர்க்கும் கொடு.
கையில் வருவதில் கால் பங்கு நாளைக்கென்று எடுத்து வை.
மேலே உள்ளவர் சொன்னால் கேள், மறுபேச்சுப் பேசாதே.
மனசு நொந்த நாளில் மட்டும் மறைக்காமல் எனக்கு எழுது.

டீச்சர் கைதட்டினார். அப்பா மட்டும், "இதெல்லாம் நீ எனக்குத் தினமும் சொல்றதாச்சே, அவளுக்குன்னு புதுசா என்ன எழுதினே?" என்றார். எழுத்துப்பிழையை டீச்சர் திருத்திவிட்டார். முதல் வேலை, புது ஊர். கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வை.

ஆசிகளுடன்,
அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் ஐந்தாவது வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாட்டை என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். எங்கள் சலவை ஆலையின் சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "உங்கம்மா எழுதினதா? பரவாயில்லையே, குடு பாப்போம்" என்றார். பெருமையாக இருந்தது, கொடுத்துவிட்டேன். மறுநாள் போனால், படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய மெஷினுக்கு மேலே நான்காவது வரி மட்டும் ஒரு பலகையில் கொட்டை எழுத்தில் தொங்குகிறது. கீழே ‘ஒரு தாயின் அறிவுரை’ என்று வேறு.

அந்த மெஷினில் சூடான உருளைகளுக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை அதில் பட்டால் மெஷின் நின்றுவிடும். அடிக்கடி நின்று வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர் அதைத் தூக்கிக் கட்டிவிட்டார். போன வாரம் அதில் நின்ற, நாங்கள் ஒல்லியக்கா என்று கூப்பிடுகிறவரின் விரல்கள் வெந்துவிட்டன. "கம்பியை இறக்குங்க சார்" என்று மற்றவர்கள் கேட்டதற்கு, சூப்பர்வைசர் அந்தப் பலகையைக் காட்டி, "படிக்கத் தெரியுமில்ல?" என்றார்.

இப்போது சாப்பாட்டு வேளையில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. ஒல்லியக்கா கட்டுப்போட்ட கையோடு என்னிடம், "கை வெந்தா என்ன மருந்து போடறதுன்னும் உங்கம்மாவை ஒரு பாட்டு எழுதச் சொல்லேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

ஏப்ரல் பத்தாம் தேதி முதலாளி வருகிறாராம். எல்லோரும் சேர்ந்து போய்ச் சொல்லப் போகிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை. எனக்குப் போகத்தான் ஆசை. ஆனால் அந்த வரி உன்னுடையது அம்மா. நீ சொல்லி நான் எதை மீறியிருக்கிறேன்?

கவலைப்படாதே, என் கை நன்றாக இருக்கிறது. அடுத்த வாரம் அந்த மெஷினில் எனக்கு முறை.

உன்
மகள்

மார்ச் 24

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். விரல்கள் வெந்த இடம் வந்ததும் தாளை அவரிடம் நீட்டிவிட்டேன். மீதியை அவரே படித்தார்.

அந்த வரியை எழுதும்போது, உனக்கு வேலை கற்றுத் தருகிற, உன் நல்லதை நினைக்கிற ஒருவரைத்தான் நினைத்திருந்தேன். பாட்டில் அதைச் சொல்லவில்லை. வீட்டுக் கணக்கில் தவறு வந்தால் நான் தாளைக் கிழிப்பதில்லை, சுரண்டி அழிப்பதும் இல்லை. ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போடுவேன். இத்துடன் வைத்திருக்கும் தாளில் நான்காவது வரியை அப்படித்தான் அடித்திருக்கிறேன். பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

நல்லது சொன்னால் கேட்டு நட, நியாயமில்லையேல் வாய்திற.
ஆண்டவன் தந்த கையிரண்டை அடுத்தவர்க்காகச் சுடவிடாதே.

இந்தத் தடவை டீச்சரிடம் காட்டவில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும்.

தாளை முதலில் ஒல்லியக்காவிடம் கொடு. அவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் பத்தாம் தேதி அவர் பக்கத்தில் போய் நில். கூப்பிடவில்லையே என்று பார்க்காதே, இதென்ன விருந்தா? முதலாளி அந்தப் பலகையைக் காட்டினால், "எழுதினவங்களே அடிச்சிட்டாங்க" என்று சொல். கம்பியை இறக்கும்வரை அந்த மெஷினில் நிற்க மாட்டேன் என்று, இந்தக் கடிதம் கிடைத்ததுமே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடு. இது பாட்டு இல்லை, அம்மா சொல்வது.

வேலை போனால் போகட்டும். அப்பா காலையிலிருந்து உன் கட்டிலின் ஆடுகிற காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "சும்மாதான்" என்கிறார். ஆனால் போகாது என்றுதான் என் மனசு சொல்கிறது. அத்தனை பேரும் சேர்ந்து கேட்டால் யார்தான் காதைப் பொத்திக்கொள்வார்கள்?

உங்கள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். ஒல்லியக்காவின் கைக்காகத் தனியாக.

மெஷினில் நிற்க மாட்டேன் என்று நீ சொன்னதும் சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்று எழுது. பத்தாம் தேதிவரை காத்திருக்காதே. சீக்கிரம் பதில் போடு.

அம்மா