அப்ஸ்ட்ரீமில் ஒரு சமையலறை

4 நவம்பர், செவ்வாய்
விடியலிலிருந்து மழை. பாப்பாவின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. இருமல் வேறு. நாளை பக்கத்து டவுன் பாரோயில் உள்ள கிளினிக்குக்குப் போகலாமென்றால், நாளைதான் தலைமையகத்து ஆட்கள் வருகிறார்களாம். எல்லாரும் மண்டபத்துக்கு வர வேண்டுமாம். இவர் எண்ணெய் ஆலையில் கணக்கெழுதும் கிராணி, முகம் சரியில்லை. கேட்டால், "ஒன்னுமில்ல லா, தூங்கு."

5, புதன்
மண்டபம். எல்லாம் இங்கிலீஷ். திரையில் படங்கள். செம்பனை நடுவது, குலை வெட்டுவது: அப்ஸ்ட்ரீம். எண்ணெயைச் சோப்பாக்கி விற்பது: டவுன்ஸ்ட்ரீம். ஆற்றுக்கு மேலே, ஆற்றுக்குக் கீழே. இங்கே ஆறே கிடையாது. லயத்து வீடுகளுக்குப் பின்னால் சாக்கடைதான். காலேஜில் இதே சொற்களைப் படித்து நல்ல மார்க் வாங்கினேன். அந்தச் சொல்லுக்குள் ஆட்கள் குடியிருப்பதாக நினைத்ததே இல்லை.

கம்பெனி அப்ஸ்ட்ரீமை விட்டு வெளியேறுகிறது என்றான் டை கட்டிய பையன். அதாவது தோட்டத்தை விற்கிறார்கள். வீடுகளோடு. கைதட்டல். நம் ஆட்களும் தட்டினார்கள்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா: "என்னா தங்கச்சி சொல்றான்? போனஸா?"
"சரியா கேக்கலக்கா."
கேட்டது.

7, வெள்ளி
இவருக்கு டவுன்ஸ்ட்ரீமில் வேலை உண்டாம். துறைமுகப் பக்கம். குலை வெட்டுகிறவர்களுக்கு இல்லை. ஸ்டெல்லா அக்காவின் கணவர், அண்ணன், குலை வெட்டுகிறவர். "லெட்டர் வர்ற வரைக்கும் வாய தொறக்காத. எம்பேருதான் கெடும்," என்றார் இவர்.
அக்கா இல்லாவிட்டால் பிரசவத்துக்குப் பின் நான் என்ன ஆகியிருப்பேன்? ஞாயிறு அவர்கள் சமையலறைக்குப் புதுத் தரை. சிமெண்ட் வந்து இறங்கிவிட்டது.
பால் சுரக்கவில்லை. பாப்பா சப்பிச் சப்பி அழுகிறாள்.

8, சனி
சொல்லத்தான் போனேன். அக்கா ரசம் கொடுத்தனுப்பினார். மறுபடி போனேன். கிறிஸ்மஸுக்குச் சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம் என்றார். பச்சை என்றேன். பச்சையாம்!

9, ஞாயிறு
கோயில் முடிந்து வந்ததும் சிமெண்ட் கலக்கி, ஒரு மூலையில் போடவும் தொடங்கிவிட்டார்கள். "புள்ளய கொண்டா! மொதல்ல அவ காலு படட்டும்." பாப்பாவின் பாதத்தை ஈரச் சிமெண்டில் அழுத்தினார் அக்கா. பாப்பா சிரித்தாள்.

"அக்கா, தோட்டத்த விக்கிறாங்க. இந்த வீட்டையும். புதங்கெழமையே எனக்குத் தெரியும்."

அண்ணன் சிமெண்ட் பூசும் கரண்டியைக் கீழே வைத்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. "கலக்கியாச்சு லா. போடலன்னா காஞ்சிடும்," என்று அவரிடம் சொல்லிவிட்டு, கரண்டியை எடுத்து, பாப்பாவின் கால்தடத்தை இழுத்து மூடினார்.