மாமன் ரத்தம்

சுரண்டை
20-1-2004

மாமாவுக்கு,

செல்லக்கனி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் ஊர் வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் நெல்லையப்பன் கால் வலிக்கிறது என்று மதுரை வரை அழுதான். அப்புறம் தங்கச்சி முத்துச்செல்வி மடியில் தூங்கிவிட்டான். நீங்கள் வாங்கிக் கொடுத்த கார் பொம்மையை வரும் வழியிலேயே உடைத்தாயிற்று. சென்னை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பக்கத்தில் இருந்தும் உங்களோடு நாலு வார்த்தை பேசவில்லையே என்று தங்கச்சி திட்டுகிறாள். பேச என்ன இருக்கிறது?

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் பையனுக்கு ரத்தம் எடுத்தார்கள், எனக்கு எடுத்தார்கள். உங்களை மட்டும் ஏன் விட்டார்கள்? குற்றவாளியை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சாட்சியைப் பிடித்துக் குத்துகிற போலீஸை இப்போதுதான் பார்க்கிறேன்.

கோபத்தில்தான் எழுதுகிறேன். எட்டு வயசுப் பிள்ளை தரையிலிருந்து எழுந்து நிற்கத் தன் முழங்காலையும் தொடையையும் மாறி மாறிப் பிடித்து ஏறுவதைத் தினம் பார்க்கிறவள் நான். "அம்மாவோட தம்பியவே கெட்டுனா பிள்ள வேற எப்படி இருக்கும்?" என்று நர்ஸம்மா கேட்ட அன்றைக்கே உங்களை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நம் தெருவில் சொந்தத்துக்குள் ஒரு கல்யாணம்கூட நடக்கவில்லை. முத்துச்செல்விக்கும் அசலில்தான் பார்க்கிறோம். கடையம் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறது. நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அம்மாவுக்கு அதில்தான் நிம்மதி.

ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள். கடை போனுக்குக் கூப்பிட வேண்டாம். நான் பேசினால் தராசில் நிறுப்பவர்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்.

இப்படிக்கு,
செல்லக்கனி


ஸ்ரீபெரும்புதூர்
4-2-2004

அன்புள்ள செல்லக்கனிக்கு,

மாமன் எழுதுவது. உன் கடிதத்தை ஐந்து முறை படித்தேன். திட்டினாலும் பரவாயில்லை, இரண்டு பக்கம் திட்டியிருக்கிறாய்.

எனக்கு வேலை அப்படியேதான் போகிறது. கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். காலை முதல் மாலை வரை குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். நீ அந்த வேலையைச் சும்மாவே செய்கிறாய்.

ஷிப்ட் முடிந்தால் அறையில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி மாறிப் பிடித்துத் தாம்பரம் ரோட்டில் படப்பை வரை போகிறேன். அங்கே இறங்கி ஒரு டீ குடிக்கிறேன். அதே வழியில் திரும்பி வருகிறேன். எதற்குப் போனேன் என்று அறையில் கூட இருக்கிற அந்தோணிராஜ் கேட்டால், டீ குடிக்க என்கிறேன். வீட்டுக்கார அம்மா செங்கமலம் நேற்று வழியை மறித்துக்கொண்டு, "இன்னாப்பா, எப்ப பாத்தாலும் ரோட்லயே சுத்தினு கீற? வூட்டாண்ட போறதே இல்லியா? பொண்டாட்டி கோச்சிக்கினு கீறாளா?" என்றாள். பல் வலி என்று சொல்லித் தப்பித்தேன்.

போண்டா மடித்துக் கொடுத்த பழைய பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன். மனிதனுடைய மரபணு முழுவதையும் விஞ்ஞானிகள் படித்து முடித்துவிட்டார்களாம். எண்ணெய் ஊறிப் பாதி அழிந்துவிட்டது. மிச்சத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

நெல்லையப்பனை முத்தமிட்டதாகச் சொல்.

உன் மாமன்,
சண்முகசுந்தரம்


சுரண்டை
12-3-2004

மாமாவுக்கு,

முழுவதையும் படித்துவிட்டார்கள் என்றால் மருந்து எங்கே? படித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்? அந்தப் பேப்பரில் அது போட்டிருந்ததா, அல்லது எண்ணெயில் அழிந்தது அந்த வரிதானா?

பள்ளிக்கூடத்துப் பிரேயரில் யாரோ இடித்து நெல்லையப்பன் கீழே விழுந்தான். எழ முடியாமல் கொடிக்கம்பத்தடியிலேயே பாட்டு முடியும் வரை உட்கார்ந்திருந்தானாம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஆறு வாரத்தில் ரிசல்ட் என்றார்கள். எட்டு வாரம் முடிந்துவிட்டது. நேரில் போய்க் கேளுங்கள். எனக்குத் தலையில் வண்டு குடைகிற மாதிரி இருக்கிறது.

செல்லக்கனி


ஸ்ரீபெரும்புதூர்
27-3-2004

அன்புள்ள செல்லக்கனிக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. போன வியாழக்கிழமை லீவு போட்டுப் போய் வாங்கினேன். இது தசைச் சிதைவு நோய்தான் என்று உறுதியாகப் போட்டிருக்கிறார்கள். இப்போதைக்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. காலை நீட்டி மடக்கும் பயிற்சியை விடாமல் செய்யச் சொன்னார்கள்.

காரணம் நீ சொன்னதுதான். பழி என்னுடையது. அதற்கு மேல் இதைப் பற்றிக் கேட்காதே.

முத்துச்செல்விக்கும் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணப் பேச்சு முற்றுவதற்கு முன்னால் அனுப்பினால் நல்லது. நானே கூட்டிப் போகிறேன்.

மாமன்


சுரண்டை
9-4-2004

மாமாவுக்கு,

மூன்று வருஷமாக நீங்கள் வாயைத் திறந்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருந்தேன். ஒத்துக்கொண்டீர்கள். ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

ஆனால் முத்துச்செல்வியை எதற்கு இதில் இழுக்கிறீர்கள்? அவள் என்ன மாமனையா கட்டப் போகிறாள்? முன்பின் தெரியாத அசலில் கட்டுகிறவளுக்கு எதற்கு ரத்தம்? வைகாசி பத்தாம் தேதி நிச்சயம். ஆவணியில் கல்யாணம். பெண் சென்னைக்கு ரத்தம் கொடுக்கப் போனாள் என்று கடையத்துக்காரர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும்? உங்களால் ஒருத்தி வாழ்க்கை போனது போதும் என்கிறாள் அம்மா. எனக்கும் அதுதான் படுகிறது.

காரணத்தைச் சொல்லுங்கள், இல்லை வாயை மூடிக்கொள்ளுங்கள்.

செல்லக்கனி


ஸ்ரீபெரும்புதூர்
25-4-2004

அன்புள்ள செல்லக்கனிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். பக்கத்தில் முத்துச்செல்வி இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படி.

நான் பொய் சொன்னேன்.

நாம் சொந்தம் என்பதால் பையனுக்கு இது வரவில்லை. சொந்தத்தில் கட்டினால் வரக்கூடிய நோய்கள் வேறு பல இருக்கின்றனவாம். இது அந்த ரகம் இல்லை. டாக்டரம்மா மேஜையில் காகிதங்களை வைத்து விளக்கினார். தசைக்கான ஒரு ஜீன் இருக்கிறது. பெண்ணுக்கு அதில் இரண்டு பிரதி. ஒன்றில் ஒரு பக்கம் கிழிந்து போயிருந்தாலும் இன்னொன்றைப் பார்த்து உடம்பு படித்துக்கொள்ளும். அவளுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆணுக்கு இருப்பது ஒரே பிரதி. அது தாயிடமிருந்து வருவது. கிழிந்தது வந்துவிட்டால் வேறு வழி இல்லை. மகனுக்கு அதைத் தகப்பன் கொடுக்கவே முடியாது. அதனால்தான் என் ரத்தம் வேண்டாம் என்றார்கள். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது.

உன் ரிப்போர்ட்டில் அந்தக் கிழிசல் இருக்கிறது, செல்லக்கனி. நீ முன்பின் தெரியாத எவனைக் கட்டியிருந்தாலும் இது வந்திருக்கலாம்.

இதை எப்படி எழுதுவேன்? என்னைத் திட்டினாலாவது உனக்கு ஒரு பிடிமானம் இருக்கிறதே என்று நினைத்தேன். நீ உன்னையே திட்டத் தொடங்கினால் உன்னை யார் நிறுத்துவார்கள்? நான் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன். பழி என்னிடமே இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது என்று முடிவு செய்தேன். முத்துச்செல்வி மட்டும் இல்லையென்றால் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன்.

உனக்கு அது உன் அம்மா வழியாக வந்தது என்றால் அவளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. அசலில் கட்டுவதால் அது ஓடிவிடாது. ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். இருந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. கரு உண்டானதும் மூன்று மாதத்துக்குள்ளேயே பிள்ளைக்கு இருக்கிறதா என்று பார்க்க இப்போது வழி வந்திருக்கிறது. நமக்குத்தான் அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை.

என் அண்ணன் இராமச்சந்திரன் பதிமூன்று வயதில் இறந்தது உனக்குத் தெரியும். சாமி குற்றம் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அப்போது நான் சிறுவன். ஆனால் அவனும் முழங்காலைப் பிடித்துத்தான் எழுவான். அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

தப்பு யாருடையதும் இல்லை என்று சொல்லச் சொன்னார் டாக்டரம்மா. அதை நீ நம்ப வேண்டும். ஒரு வரி பதில் போடு. உன் கடிதம் வரும் வரை எனக்கு நிலைகொள்ளாது.

உன் மாமன்,
சண்முகசுந்தரம்


சுரண்டை
25-5-2004

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை. உங்கள் கடிதத்தை மடித்து மடித்து அது நாலாகக் கிழிந்துவிட்டது. பத்து நாள் நீங்கள் பயந்தபடியே இருந்தேன். பையனுக்குச் சோறு ஊட்டும் கையைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் அவன், "ஏம்மா என்னப் பாக்கவே மாட்டேங்க?" என்று கேட்டான். அன்றோடு அதை விட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை, மாமா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இராமச்சந்திரன் மாமாவைத் தூக்கி வளர்த்தது அவள்தானாம். நெல்லையப்பன் முதன்முதல் முழங்காலைப் பிடித்து எழுந்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸம்மா உங்களைச் சொன்னபோது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள். "ரெண்டாவது பொண்ண நான் கரையேத்த வேண்டாமா? அவன் ஆம்பள, தாங்கிக்கிடுவான்" என்கிறாள். கூடப்பிறந்த தம்பியைப் பற்றி.

முத்துச்செல்வியிடமும் சொன்னேன். உங்கள் கடிதத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். பிறகு, "அக்கா, நீ பேசாம இரு. நானே அவுககிட்டச் சொல்லிக்கிடுதேன்" என்றாள். நிச்சயத்தன்று கூடம் நிறைய ஆட்கள். அவள் வாய் திறக்கவில்லை. பாவம், எப்படித் திறப்பாள்? நானும் சும்மாதான் இருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா நெல்லையப்பனைப் பார்த்து உச்சுக் கொட்டி, "மாமனக் கெட்டி மோசம் போயிட்டிய. நாங்க அசலு, எங்களுக்கு என்ன பயம்?" என்றார். அம்மா உடனே, "ஆமாய்யா, எல்லாம் என் தம்பி ரத்தம் செஞ்ச வேல" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். "என் புருஷன் ரத்தத்துல ஒண்ணும் இல்ல. இது என் ரத்தம். எங்க அம்மா ரத்தம். என் தங்கச்சிக்கும் இருக்கலாம், பாத்துக்கிட்டுக் கெட்டுங்க." அவ்வளவுதான். தட்டைத் தொடாமல் எழுந்து போனார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதை நம்பி ஒன்றும் எழுத முடியாது.

முத்துச்செல்வி என்னை அடித்தாள், மாமா. கன்னத்தில். நான் வாங்கிக்கொண்டேன். அவள் சொல்ல வேண்டியதை நான் பறித்துவிட்டேன், அது தப்புதான். மறுநாள் மத்தியானம் அவளே ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு வந்து, "எனக்குத் தெரிஞ்சாகணும். எப்ப கெளம்புதோம்?" என்றாள். இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

கிளம்பிப் போனால் இனி வாசல்படி ஏறக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஊருக்கு வாருங்கள் என்று உங்களைக் கூப்பிட எனக்கு இங்கே இடமில்லை. மூன்று வருஷம் உங்களை ஊர் வாயில் போட்டு மென்றதற்கு மன்னிப்பு எழுதிக் கேட்க வெட்கமாக இருக்கிறது. நீங்கள் பொய் சொன்னதற்கும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. இரண்டையும் நேரில் வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் தாம்பரத்தில் இறங்குகிறோம். வந்து நில்லுங்கள். நீங்கள் குடியிருப்பது தரையிலா மாடியிலா என்று இத்தனை நாளில் நான் கேட்டதே இல்லை. மாடி என்றால் இன்றைக்கே வேறு வீடு பாருங்கள். உங்கள் மகனால் இப்போது படி ஏற முடியாது.

உங்கள்
செல்லக்கனி