நீங்கள் மூடிய விண்டோ

அண்ணா, போனவருக்குக் கடிதம் எழுதுவது முறையில்லை என்று தெரியும். மன்னியுங்கள். உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டு, உங்கள் மனைவி லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து நேற்று போன் செய்தார். "உம்மைத் தன்ரை கையிலை வேலை பழகின பிள்ளை எண்டு எப்பவும் சொல்லுவார்" என்றார். ரிசீவரை வைத்த பிறகும் காது சுட்டது. அந்தப் பக்கத்துக்கு ஒரு வரி வரவில்லை. உங்களுக்கென்றால் வருகிறது.

நாம் வேலை பார்த்த அலுவலகத்தில் தமிழர் இருவர்தான். நீங்கள் யாழ்ப்பாணம், பத்து வருட அனுபவம். நான் மலேசியத் தோட்டத்திலிருந்து வந்தவள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். என் தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. வேலை நிரந்தரமானால்தான் விசா நீளும்.

பொதிகள் அனுப்பும் உங்கள் பழைய கணினி நிரலை, அதன் வேலை மாறாமல் உள்ளே ஒழுங்குபடுத்தச் சொல்லி என்னிடம் தந்தார்கள். அதில் நாற்பது இடங்களில் ஆங்கில எழுத்தில் 'ஓம்' என்று இருந்தது. நீங்கள் போனில் நாளெல்லாம் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவதைக் கேட்டவள்தான். ஆனாலும் எழுத்தில் பார்த்ததும் எனக்குச் சாமிதான் தோன்றியது. பிள்ளையார் சுழி போலப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைத்து, ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் நீக்கினேன். அது உங்கள் ஊர் 'ஆமா' என்று பிறகுதான் தெரிந்தது. இந்தப் பொதி போகலாம் என்பதற்கான ஆமா. சோதித்துப் பார்த்தபோது ஒரு பொதியும் நகரவில்லை.

தவறு என்னுடையது, மறுக்கவில்லை. அந்தக் கருவியில் அன்டூ இருந்தது. ஒருமுறை அழுத்தியிருந்தால் நாற்பதும் திரும்பியிருக்கும். அந்தச் சொல் எதற்கு என்று கேட்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

"கும்பிடப் போட்டதெண்டோ நினைச்சனீர்?"

சிரித்துக்கொண்டே அறை முழுவதற்கும் அதை ஆங்கிலத்தில் சொன்னீர்கள். எல்லாத் தலைகளும் திரும்பின.

"அண்ணா, அன்டூ பண்ணிடறேன்."

"எழும்பும் பிள்ளை. நான் பாக்கிறன்."

"விண்டோவ மட்டும் மூடிடாதீங்க."

மூடினீர்கள்.

மூடினால் அன்டூ பட்டியலும் போய்விடும் என்று முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். இரண்டு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து நாற்பதையும் கையால் எழுதினீர்கள். மேலாளர் உங்கள் தோளைத் தட்டினார். அவர் அறையில் என்னை நிற்கவைத்துக்கொண்டே, நல்ல பெண்தான், தனியாக விட்டால் ஆபத்து என்றீர்கள். விண்டோவைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கார்பெட்டிலிருந்த காப்பிக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை நிரந்தரமாகவில்லை. அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். போனில் "பரவால்லம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அந்தக் குரலுக்காகவே உங்களை வெறுத்தேன். விசா முடிய ஒன்பது நாள் இருக்கையில் ஹரோவில் வேறு வேலை கிடைத்தது.

இன்றும் யாராவது என் நாற்காலியருகே வந்து குனிந்தால், என் கை தானாகக் கீபோர்டை மறைக்கிறது. உங்களிடமிருந்து நான் பழகியது அது ஒன்றுதான்.

நீங்கள் இருந்தபோது கேட்கத் துணியாததை இப்போது கேட்கிறேன். மன்னிப்பு வேண்டாம். என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்து, ஒரே ஒருமுறை, உங்கள் வாயால் சொல்லுங்கள்: "தெரிஞ்சுதான் மூடினனான்."