ஏற்றம் ஏறிய வேன்

அன்பு மகனுக்கு, அம்மாவின் ஆசிகள். நான் நலம். நீயும் மருமகளும் நலமா?

நான் ஆயாவாகப் போகும் பள்ளி வேன் ஏற்றத்தில் இழுக்காமல் திணறியது. இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் வால்வில் கரி. துடைத்தும் தீரவில்லை. அரைகுறையாக விடக்கூடாது என்று மெக்கானிக் பக்கத்திலேயே நின்றேன்.

“மேடம், நீங்க நின்னா ஸ்பேனர்கூட அட்டென்ஷன்ல நிக்குது!” என்றார்.

கடைசியில் வால்வைத் திறக்கும் மோட்டார்தான் பழுது என்று தெரிந்தது. அதை மாற்றியதும் வேன் பிள்ளைகளோடு சுலபமாக ஏறியது.

முதலாளி ஓட்டிப் பார்த்தார். “நல்லா ஓடுதும்மா. இப்பவே வித்துடலாம்.”

விற்றுவிட்டார். வேன் இல்லாமல் ஆயா எதற்கு? நீ கவலைப்படாதே. வேறு வேலை விசாரிக்கிறேன்; என் வயதைக் கேட்டதும் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள்.

அங்கே உன் வீட்டில், என் அறையில் மருமகள் போட்டிருக்கும் தையல் மெஷினை நகர்த்தினால் ஒரு கட்டில் கொள்ளுமா என்று அளந்து எழுது. கொள்ளாது என்றாலும் எழுது.

தபால்காரர் வந்துவிட்டார்.

அம்மா